போர்வைக்குள் வழிந்த ரத்தம்

மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையின் இருதய வார்டில் நர்ஸ் வாசுகிக்குக் கோபக்காரி என்றுதான் பெயர். பெக்கோக் தோட்டத்தில் பிறந்தவள். கோபப்படாமல் இந்த வேலையை எப்படித்தான் பார்க்கிறார்களோ என்பது அவளுடைய ஆச்சரியம்.

இருதய ரத்தக்குழாயில் அடைப்பு நீக்கி ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்க நான்கு பேர் கொண்ட குழு. அதற்காகக் குழாய் நுழைத்த இடத்தை ஒருவர் பார்க்க வேண்டும், பிரஷரை ஒருவர், மருந்தை ஒருவர். அவரவர் படிவத்தில் டிக் போட்டதும் குழுத்தலைவி வாசுகி கீழே கையெழுத்துப் போடுவாள். நான்கு பேர் என்றால் நான்கு மடங்கு கவனம் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. அவள் பார்த்திருப்பாள் என்று இவள் இருப்பாள்.

லாபிஸில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முனீருக்குத் தொடை இடுக்கு வழியாகக் குழாய் விட்டிருந்தார்கள். மதியம் ஷிஃப்ட் மாறும் நேரம். குழுவில் புதிதாகச் சேர்ந்த லோஷினி, "அங்கிள், காயத்தப் பாக்கலாமா?" என்றாள். அறுபது வயது மனிதர் சின்னப் பெண் முன்னால் கூசினார். "எல்லாம் ஓகே லா, மா." அவளுக்கும் கூச்சம். டிக் போட்டுவிட்டாள். வரிசையாக இருந்த டிக்குகளைப் பார்த்து வாசுகியும் கையெழுத்துப் போட்டாள்.

அரை மணியில் பிரஷர் சரிந்தது. முனீருக்கு முகம் வெளிறி வியர்த்துக் கொட்டியது. வாசுகி ஓடி வந்து போர்வையை உருவினாள். மெத்தை ரத்தத்தில் ஊறிக் கிடந்தது.

"டாக்டரக் கூப்பிடு!" என்று கத்தியபடியே இரண்டு கையாலும் காயத்தின் மேல் அழுத்தினாள். இருபத்தைந்து நிமிடம் கையை எடுக்கவில்லை. வாயும் ஓயவில்லை.

"வெக்கப்பட இதுவா நேரம் அங்கிள்? வெளிய உக்காந்திருக்கிற உங்க வீட்டம்மாவுக்கு நான் என்ன சொல்றது?" பிறகு லோஷினியின் பக்கம் திரும்பினாள். "அவரு கூச்சப்பட்டா மருந்து குடுக்கிற ஜீவனக் கூப்பிட வேண்டியதுதானே? ஆம்பளப் பிள்ளதானே அவன்? பாக்காம போட்ட டிக் பொய் லா!"

ரத்தம் நின்றது. முனீர் பிழைத்தார்.

மாலையில் வார்டு மேற்பார்வையாளர் பிரேமலா நடந்த தவறை எழுதும் அறிக்கைப் படிவத்தோடு வந்தார். "லோஷினி பேர மட்டும் எழுதுங்க, வாசுகி. உங்க பதவி உயர்வு வர்ற நேரம்."

ஒரு நொடி ஆசை வந்தது. வந்ததற்காகத் தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. படிவத்தை வெடுக்கென்று வாங்கி, முதலில் தன் பெயரையும் அதற்குக் கீழே லோஷினியின் பெயரையும் எழுதினாள்.

"அக்கா, நான்தானே பாக்கல?" என்று லோஷினி அழுதாள்.

"நீ இன்னைக்கு ஒருத்தரப் பாக்கல. நான் இதுவரைக்கும் ஒருத்தரையும் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டதில்ல."