பதினோராம் எண் கருவி

பொலிக்ஸேனி மலையூர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவள். கோடையில் பள்ளி மூடியதும் அதே கைகள் தீயணைப்புத் தொண்டர் குழுவின் தண்ணீர் வண்டியைப் பிடிக்கும். கல்யாணத்துக்கு முன் கிரேக்க நாட்டின் லாரிஸா நகரில் ஒன்பது ஆண்டுகள் தொலைபேசி பழுது பார்த்தவள் என்பதால், குழுவினர் செய்தி அனுப்பும் கைக்கருவிகளும் அவள் தலையில் வந்து விழுந்தன.

அந்த மலையில் பாதி இடங்களுக்குக் கைப்பேசிக் கோபுரத்தின் அலை எட்டாது. ஆகவே பதினெட்டுக் கருவிகளும் தங்களுக்குள்ளேயே செய்தியைக் கைமாற்றிக்கொள்ளும். ஒருவர் அனுப்பியது பக்கத்திலிருப்பவர் கருவிக்குப் போய், அங்கிருந்து அடுத்ததற்குப் போய், உரியவரைச் சேரும். ஆட்கள் நகர நகர வழியும் மாறும். 'உரியவருக்கு நான்தான் கிட்டத்தில் இருக்கிறேன்' என்று எந்தக் கருவி சொல்கிறதோ, அதை மற்றவை அப்படியே நம்பிவிடும்.

பொலிக்ஸேனிக்கு உறுத்தியது இந்த நம்பிக்கைதான். கருவி காட்டும் 'அனுப்பியாயிற்று' என்ற குறி போதாது, பெறுகிறவர் கைப்பட ஒரு வார்த்தையாவது பதில் எழுத வேண்டும் என்று அவள் கட்டாயப்படுத்தினாள். குழுவிலிருந்த ரொட்டிக் கடை வையோஸ் அவளைச் சீண்டிக்கொண்டே இருப்பான்.

"என்னக்கா, காதல் கடுதாசியா போடுற? பதில் வரலேன்னா தூக்கம் வராதா உனக்கு?"

ஆகஸ்டு மாதம் ஓடைக்கு அப்பால் பைன் காடு பற்றிக்கொண்டது. வையோஸும் இன்னும் இருவரும் மேலே முகட்டில், தீ தாவாதபடி செடிகொடிகளை அகற்றித் தீத்தடம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று மணிக்குக் காற்று திசை மாறியதைக் கீழேயிருந்து முதலில் கண்டவள் பொலிக்ஸேனி. கிழக்குப் பாதையில் உடனே இறங்கச் சொல்லி எழுதினாள். அனுப்பியாயிற்று என்று குறி விழுந்தது. பதில் இல்லை. மறுபடியும் அனுப்பினாள். அப்போதும் இல்லை.

செய்தி போன வழியைத் திறந்து பார்த்தாள். அது பதினோராம் எண் கருவிக்குப் போய் அங்கேயே நின்றிருந்தது. ஏப்ரலில் ஓடையில் தொலைந்துபோன கருவி அது. பட்டியலிலிருந்து நீக்க வேண்டியவள் அவள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான்கு மாதம் விட்டிருந்தாள்.

அவளுடைய கருவியில் பதினொன்றை ஒதுக்கினாலும் பயனில்லை. இடையிலிருந்த மற்றவையும் அதையே நம்பின. வண்டியைக் கிளப்பி, முகடு நேராகத் தெரியும் சிற்றாலய வளைவு வரை ஏற்றினாள். நடுவில் வேறு கருவி எதுவும் வேண்டாத தூரம். அங்கிருந்து அனுப்பினாள். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

'சரி. இறங்குறோம்' என்று பதில் வந்தது. வையோஸின் கையெழுத்தையே பார்த்தது போலிருந்தது அவளுக்கு. இருபது நிமிடத்தில் முகடு எரிந்தது. மூவரும் அதற்குள் பாதைக்கு வந்துவிட்டார்கள்.

மறுநாள் மதியம் தீ அடங்கியபின், பதினொன்றின் அலை வலுக்கும் திசையிலேயே நடந்தாள். அது தேனீ வளர்க்கும் திராசோஸின் கொட்டகையில் கொண்டுபோய் விட்டது. அறுபது வயதுக்காரர் மறைக்கவில்லை. ஓடையில் கண்டெடுத்ததாகச் சொன்னார்.

"திருப்பிக் குடுக்கணும்னு தோணலையாண்ணே?"

"போன வருசம் தீ வந்தப்ப என்கிட்ட யாரும்மா சொன்னீங்க? நாப்பது தேனீப் பெட்டி கருகிப்போச்சு. இந்தத் தடவ எனக்கும் தெரியணும்னு, எல்லாச் சேதியும் இதுக்கு வர்ற மாதிரி டவுன்ல ஒருத்தன்கிட்ட போன வாரந்தான் மாத்தி வாங்கினேன்."

"எல்லாம் வந்துச்சு. உங்களத் தாண்டி எதுவும் போகல. மேல மூணு பேரு இருந்தாங்க."

திராசோஸ் காலிப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தார்.

குழுக் கூட்டத்தில் சிலர் போலீசுக்குப் போக வேண்டும் என்றார்கள். பொலிக்ஸேனி எழுந்து, முதலில் தன் பிழையைச் சொன்னாள். இனி ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இரகசியக் குறியீட்டுச் சாவி, மாதாமாதம் அது மாறும், தொலைந்தது அன்றே நீக்கப்படும், வாங்கிய செய்தியைப் பக்கத்துக் கருவி கடத்திவிட்டதா என்று மற்றவை கவனிக்கும் என்றாள். கடைசியாக, திராசோஸுக்கும் முறைப்படி ஒரு கருவி தரவேண்டும் என்றாள். அதைக் கேட்டு இருவர் குழுவை விட்டு விலகினார்கள். வையோஸ் மட்டும், அவருக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியது நாம்தான் என்று முணுமுணுத்தான்.

இப்போது மாதத்தின் முதல் நாள் பேருந்தை எடுக்குமுன் வீடுவீடாகப் போய்ச் சாவி மாற்றுகிறாள். திராசோஸ் கருவியோடு வாசலிலேயே நிற்பார். இருவரும் அதிகம் பேசுவதில்லை. தேன் மட்டும் அவள் இன்னும் அவரிடம் வாங்காமல் கடையில்தான் வாங்குகிறாள்.