சோலையம்மாளின் களிசான்

சோலையம்மாள் முதன்முதலாக மரம் ஏறியது எழுபத்தாறாம் வருடம், தை மாதத்தில். அதற்கு இரண்டு வருடம் முன்புதான் அவளும் கணவன் பழனிமுத்துவும் ஐந்து வயது மகள் தவமணியோடு இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கப்பலேறி வந்து, பண்ணைக்காட்டுக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள்.

அங்கே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருந்தார்கள். ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து ஆண்கள் ஏறிப் பறிப்பார்கள். உதிர்ந்ததைப் பெண்கள் கீழே பொறுக்குவார்கள். பழனிமுத்துவின் நெஞ்சுக்கு இந்த ஊர்ப் பனிமூட்டம் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தத் தையில் அவனால் மேட்டில் நடக்கக்கூட முடியவில்லை.

"ஏணி சும்மா கெடக்கு. நான் ஏறுறேன்" என்றாள் சோலையம்மாள்.

முதல் நாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினாள். இருபதடி உயரத்தில் காற்று வந்து சேலையைப் பிடுங்கியது. கீழே வேலை நின்றது. எவனோ சீட்டியடித்தான். ஒரு கை கொடியில், ஒரு கை சேலையில். ஏணியைப் பிடிக்கக் கை இல்லை. கால் வழுக்கியது. மரத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றாள்.

மறுநாள் பழனிமுத்துவின் காக்கிக் கால்சட்டையை மாட்டி, இடுப்பில் கயிறு கட்டி வந்தாள். 'களிசான்' என்று அதற்கு அவள் சொன்ன இலங்கைப் பேரைக் கேட்டுப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். மேஸ்திரி சின்னக்கருப்பன் சிரிக்கவில்லை.

"என்ன கோலம் இது? நாலு ஆம்பளைங்க இருக்கிற எடம். போயி வெரசா சேலையக் கட்டிட்டு வா."

"நேத்து சேலையிலதான் ஏறுனேன் மேஸ்திரி. எல்லாரும் சோலிய விட்டுட்டு அண்ணாந்து பாத்தாங்க. நீங்களுந்தான் நின்னீங்க. நேத்து ஒண்ணும் சொல்லலையே?"

சின்னக்கருப்பன் அடுத்த மரத்துப் பக்கம் போய்விட்டார்.

அன்று அவள் உச்சி வரை ஏறினாள். மூட்டம் கீழிருந்து மெல்ல வந்து காப்பிச்செடிகளை மூடியது, ஆட்களை மூடியது, பேச்சுச் சத்தத்தையும் மூடியது. வெள்ளைக் கடலின் நடுவே மரம் மட்டும் கப்பல்போல அசைந்தது. இரண்டு கைகளும் அவளுடையவையாக இருந்தன. பச்சை மிளகின் காரம் விரல்களில் ஏற, தான் எந்தக் கரையில் இருக்கிறோம் என்பதே மறந்து வெகுநேரம் பறித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு வீரம்மாள்தான் அதிகம் பேசினாள். "பொட்டப்புள்ளைய வச்சுக்கிட்டு இப்படி அலையிறியே. நாளைக்கு அதக் கேட்டு எவன் வருவான்?" அது சோலையம்மாளைத் தைத்தது. பிறகு களிசானுக்கு மேலேயே சேலையைக் கட்டிக்கொண்டு நடந்தாள். மரத்தடியில் சேலையை அவிழ்த்து மடித்துக் கல்லின்மேல் வைப்பாள், இறங்கியதும் கட்டிக்கொள்வாள். பயந்து செய்ததாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். அவளுக்கோ உள்ளே களிசானும் மேலே சேலையுமாக அப்படி நடப்பதுதான் பிடித்திருந்தது.

நான்கு வருடம் கழித்து, வீரம்மாளை அவள் கணவன் விட்டுப்போன ஒரு தையில், அவள் சோலையம்மாளின் வாசலில் வந்து நின்றாள். "உங்கிட்ட இன்னொரு களிசான் இருக்கா?" சோலையம்மாள் உள்ளே போனாள். எடுத்துக் கொடுத்தாள். அடுத்தடுத்த தைகளில் இன்னும் இரண்டு பெண்கள் ஏறினார்கள்.

எண்பத்தாறில் தவமணிக்குப் பதினேழு. வத்தலக்குண்டுக்கு டைப்ரைட்டிங் படிக்கப் போனவள், சுடிதார் வேண்டும் என்று நின்றாள்.

"நம்ம பக்கம் யாரு போடுறா? தாவணியே போதும்" என்றாள் சோலையம்மாள்.

"நீ போடலையாம்மா?"

"அது மரம் ஏறுறதுக்குடி."

"இது பஸ்ஸுக்கும்மா. நெரிசல்ல ஒரு கை கம்பியில, ஒரு கை தாவணியில. வளைவுக்கு வளைவு உயிர் போகுது. மேல வந்து சாயிறவனத் தள்ளக் கை இல்ல."

சோலையம்மாள் அன்று முழுவதும் மரத்தின்மேல் இருந்தாள். பறித்ததைவிட யோசித்ததுதான் அதிகம். வீரம்மாளின் பழைய பேச்சு தன் வாயிலிருந்தே வந்துவிட்டதை நினைத்தபோது உச்சிவெயிலில்லாத அந்த மூட்டத்திலும் முகம் சுட்டது.

அடுத்த மாதம் தையற்காரரிடமிருந்து நீல நிறச் சுடிதார் வந்தது. தவமணி அதைப் போட்டு நின்றபோது, சோலையம்மாள் துப்பட்டாவின் இரு முனைகளையும் பிடித்துத் தோளில் ஊக்குக் குத்தினாள்.

"பஸ் கதவுல மாட்டிக்கும். பாத்து ஏறு."

"சரிம்மா."

வெள்ளனே வரும் பஸ் மூட்டத்துக்குள் மஞ்சள் விளக்கோடு வந்து நின்றது. தவமணி ஓடிப்போய் ஏறி, இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.