செவத்தம்பி எழும்பின கதை

எபிசன் அண்ணனின் புற்று வைத்த குரல்வளையை எடுத்துவிட்டால் ஆள் பிழைப்பார், எடுக்காவிட்டால் மழைக்காலம் தாண்ட மாட்டார் என்று திருவனந்தபுரத்தில் டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் முடியாது என்று எழுந்து வந்துவிட்டார். அன்று சாயங்காலம் அவர் மனைவி ஜெஸ்மி மைனி எங்கள் வீட்டு அடுக்களைக்கு வந்து, தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ரஷ்மி, நீ ஒருக்கா சொல்லிப் பாரு மக்கா. நான் சொன்னா சவத்தப் பாக்கது மாதிரி பாக்காரு."

என் சொல்லை யார் கேட்டிருக்கிறார்கள்? மஸ்கட்டில் இருக்கும் என் வீட்டுக்காரர் போனில்கூடக் கேட்டதில்லை. ஆனால் எபிசன் அண்ணன் அடுத்த வீடு. நான் பாவாடை கட்டின காலத்திலிருந்து அவரைத் தெரியும். மயிலாடியில் எல்லாருக்கும் அவரைத் தெரியும். முகத்தைவிடக் குரலைத் தெரியும். சாவு அறிவிப்பா, கோயில் கொடைவிழாவா, சபையில் கன்வென்ஷனா, ஜவுளிக்கடைத் தள்ளுபடியா, ஆட்டோ மேல் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டு அவர்தான் வருவார். தேர்தல் வந்தால் காலையில் ஒரு வேட்பாளரை ஏழைகளின் தோழன் என்பார், மத்தியானம் சோறு தின்றுவிட்டு எதிர் வேட்பாளரை அதையே சொல்வார். இரண்டையும் ஊர் நம்பும். குரல் அப்படி.

அந்தக் குரலை அவருக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தது குஸ்தி. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, டயர் கடை மாடியில் அண்ணன் கேபிள் டிவி நடத்தினார். மைனியின் அண்ணன் ஜான்ரோஸ் பஹ்ரைனிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் அமெரிக்கக் குஸ்தி கேசட்டுகளைக் கொண்டுவருவார். எண்ணெய் தேய்த்த தடியன்கள் ஜட்டியோடு மோதுவதை ஊர் வாய் பிளந்து பார்த்தது. ஆனால் அதில் பேசுகிறவர்கள் என்ன கத்துகிறார்கள் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. ஒரு சனிக்கிழமை அண்ணன் அந்தச் சத்தத்தை அணைத்துவிட்டு, சபையிலிருந்து இரவல் வாங்கிய மைக்கைப் பிடித்துத் தானே பேச ஆரம்பித்தார். அதற்குப் பிறகு சனிக்கிழமை மத்தியானம் கல்பட்டறைகளில் உளிச் சத்தம் நின்றுவிடும்.

குஸ்திக்காரர்களுக்கு அவர்தான் பெயர் வைத்தார். தாடி வைத்த ஒரு மலைமாட்டுக்குப் பரபாஸ். அவனிடம் வாரம் தவறாமல் அடி வாங்கின, செம்பட்டை முடிக்கார ஒல்லிப் பையனுக்குச் செவத்தம்பி. அமெரிக்காவில் அவர்களுக்கு என்ன பெயரோ, நாங்கள் கேட்டதில்லை. "பரபாஸ் பிடிச்சாம் பாத்தியளா, ஏலே, சந்தையில சூரைமீன தூக்கது மாதிரி தூக்குகாம் பாத்தியளா" என்று அண்ணன் மைக்கில் கத்தும்போது எங்கள் வீட்டில் அப்பா நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். ஒருமுறை செவத்தம்பியை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் புதன்கிழமை பெண்கள் சங்கத்தில், அடிபட்டுக் கிடக்கும் எங்கள் செவத்தம்பிக்காக என்று ஒரு அம்மை கண்ணீரோடு ஜெபித்திருக்கிறாள். சபைப் பாதிரி ஐயர் ஜெபம் முடிந்து, அது எந்த வீட்டுப் பையன், ஒன்று போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று கேட்டாராம். சிற்பி தாணு அந்த வருடம் செய்து அனுப்பிய துவாரபாலகரின் தொடை செவத்தம்பியின் தொடை என்றும் ஒரு பேச்சு உண்டு. தாணு இன்றுவரை மறுக்கவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை பெரிய குஸ்தி வரும், அது மட்டும் ராத்திரியில்தான் ஓடும். எங்கள் வீட்டில் அதைக் குஸ்திக் கொடை என்றுதான் சொல்வோம். அந்தக் கொடையில் ஒருமுறை பரபாஸும் செவத்தம்பியும் கடைசி ஆட்டத்தில் மோதினார்கள். விழுந்தவன் பத்து எண்ணுவதற்குள் எழும்பாவிட்டால் தோல்வி. பரபாஸ் செவத்தம்பியைத் தூக்கித் தரையில் அடித்தான். நடுவர் எண்ணத் தொடங்கினார். அண்ணனும் கூடவே எண்ணினார். ஒன்பது என்று அவர் சொன்னதும் கரண்டு போனது. தெரு முழுக்க இருட்டு. ஜனம் வீட்டை விட்டு வெளியே வந்து மின்சார வாரியத்தை ஏசிக்கொண்டு நின்றது.

அப்போதுதான் எபிசன் அண்ணன், சாவு அறிவிப்புக்கு வைத்திருந்த பேட்டரிக் குழாயை எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார். சந்திப்பில் நின்று மிச்சத்தைச் சொன்னார். நடுவர் பத்துக்குக் கை தூக்கியதையும், செவத்தம்பியின் சுண்டுவிரல் அசைந்ததையும், முட்டுக்குத்தியதையும், எழும்பியதையும், பரபாஸைத் தோளில் ஏற்றிச் சுழற்றி அடித்ததையும் சொன்னார். இருட்டில் ஊரே கை தட்டியது. தாணு அழுதான். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. மறுநாள் கேசட் மெஷினில் சிக்கி நாசமாகிவிட்டது என்று சொன்னார். எங்களுக்கு அது ஏற்கெனவே கண்ணால் பார்த்தது மாதிரிதான் இருந்தது, அதனால் யாரும் வருத்தப்படவில்லை.

பிறகு டிஷ் வந்தது, கேபிள் செத்தது. அண்ணன் ஆட்டோவில் ஏறினார். போன வருடம் குரல் கரகரத்தபோது பேசிப் பேசி வந்தது என்றார். பனங்கற்கண்டு சப்பினார். சிதறால் பக்கம் ஒரு வைத்தியரிடம் லேகியம் வாங்கினார். மைனி உபவாச ஜெபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நோய் எதற்கும் கேட்கவில்லை. மூச்சு விடும்போது கதவுக் கீல் மாதிரி சத்தம் வர ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே போனார்.

மைனிக்காக நான் போய்ப் பேசினேன். படித்துப் படித்துச் சொன்னேன், ஏசினேன், கடைசியில் கெஞ்சினேன். அவர் கட்டிலில் சாய்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"செவத்தம்பி எப்பம் எழும்பினான் ரஷ்மி?"

"ஒம்பதுல."

"இப்பம் ஏழுதான் ஆயிருக்கு. அதுக்குள்ள நீங்க ஏன் வெப்ராளப்படுதிய?"

"அவன் குஸ்திக்காரன் அண்ணா. உங்களுக்குச் சக்கரை இருக்கு."

"கொரல எடுத்துட்டா பெறவு கெடக்கது ஆரு? எபிசனா? அவளுக்கு ஆளு வேணும். எனக்கு நான் வேணும்" என்றார். இதைச் சொல்ல அவருக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. சாகப் போகிற மனுஷனிடம் கோபப்படக் கூடாது என்பார்கள். பிழைக்க வழி இருந்தும் சாகப் போகிறவரிடம் கோபப்படாமல் எப்படி இருப்பது? அடுக்களையில் மைனி அவருக்குக் கஞ்சியை இன்னும் தண்ணீராகக் கரைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தின நாள் இறங்கிய கஞ்சி அன்றைக்கு இறங்கவில்லை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. பழைய குஸ்தியெல்லாம் இப்போது இன்டர்நெட்டில் கிடைக்கிறது. அந்தக் கொடையைத் தேடிப் பிடித்துப் போட்டுக் காட்டினால் மனசு இளகும், அந்த இளக்கத்தில் பேசிச் சம்மதிக்க வைக்கலாம் என்று நினைத்தேன். பெயர் தெரியாமல் பரபாஸின் தாடியை வைத்துத் தேடினேன். கிடைத்துவிட்டது. மறுநாள் மத்தியானம் போனை அவர்கள் வீட்டு டிவியில் இணைத்துப் போட்டேன்.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மைனியும் வந்து கதவுப் பக்கம் நின்றாள். ஆங்கிலத்தில் பேச்சு வந்ததும் அண்ணன் கையைக் காட்டினார். சத்தத்தை அணைத்தேன். அவர் பேச ஆரம்பித்தார்.

அது குரலே இல்லை. ஸ்டேஷன் பிடிக்காத ரேடியோ மாதிரி இரைச்சலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வார்த்தை வந்தது. ஆனால் விட்ட இடத்தில் பிடித்த மாதிரி அதே பேச்சு, அதே கிண்டல். பரபாஸ் வந்தாம் பாத்தியளா. செவத்தம்பிக்க அம்மை இன்னைக்குச் சோறு போடல்லியா. நான் சிரித்தேன், கண்ணீரும் வந்தது. ஆட்டம் கடைசிக்கு வந்தது. பரபாஸ் தூக்கி அடித்தான். நடுவர் எண்ணினார். அண்ணன் எண்ணினார். ஒன்பது சொன்னதும் பேச்சை நிறுத்திவிட்டு ரிமோட்டுக்குக் கையை நீட்டினார்.

"போதும். அணைச்சிரு."

ஏன் நிறுத்தச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. செவத்தம்பி எழும்புவதைக் கண்ணால் பார்க்க இத்தனை வருடம் காத்திருந்தவள் நான். ரிமோட்டைக் கொடுக்கவில்லை.

செவத்தம்பி எழும்பவில்லை. சுண்டுவிரல் அசையவில்லை. நடுவர் பத்து சொல்லும் முன் பரபாஸ் அவனை முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் அடித்தான். மூலையில் அவனுக்குத் துணையாக நின்ற வழுக்கைத் தலைக் கிழவர் ஒருவர், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, போதும், தோற்றோம் என்பது போல நடுவரின் காலடியில் எறிந்தார். ஆட்டம் முடிந்தது. பரபாஸின் கையை உயர்த்தினார்கள். கிழவர் உள்ளே ஏறிப்போய்ப் பையனின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"அண்ணா, எழும்பினான்னு சொன்னிய" என்றேன். குழந்தை கேட்பது மாதிரித்தான் கேட்டேன்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இருட்டுல அத்தன பேரு நிக்காவ. தோத்தான்னு எப்பிடிச் சொல்லது?"

கதவருகிலிருந்து மைனி பேசினாள். அவள் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

"மறுநா கரண்டு வந்தப்பம் நானும் இவரும் சேந்துதான் பாத்தோம். எனக்கு அன்னைக்கே தெரியும். அந்தக் கெழவன் எறியல்லன்னா அந்தப் பய செத்திருப்பான். ஊருக்கெல்லாம் கத சொன்னியளே, அந்தக் கெழவனப் பத்தி ஒரு வார்த்த சொன்னியளா?"

"ஏட்டி, நீ போ அங்கோட்டு" என்றார் அண்ணன்.

மைனி போகவில்லை. கட்டிலுக்கு வந்தாள். அவர் மடியில் கிடந்த தோர்த்துத் துண்டை எடுத்தாள். எச்சில் துடைத்துத் துடைத்து ரத்தக் கறை ஏறின தோர்த்து. அதை நடு அறையில் வீசி எறிந்தாள்.

"நான் எறிஞ்சாச்சு. தோத்தாச்சு. ரஷ்மி, காரை எடு."

அண்ணன் அவளைக் கத்தி ஏச வாயைத் திறந்தார். அந்த ஏச்சு பாதியில் அடைத்துக்கொண்டது. மூச்சு நூலளவுக்குத்தான் போய்வந்தது, முகம் கறுத்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கையால் கட்டில் சட்டத்தை அடித்தார். நாங்கள் இருவருமாக இழுத்துக்கொண்டு போய் முன் சீட்டில் உட்கார வைத்தோம். என்னுடைய சின்னக் கார். நான் அதைத் தக்கலைக்கு அப்பால் ஓட்டினதே இல்லை. அவரைப் பார்த்த டாக்டர் இருக்கும் திருவனந்தபுரத்துக்கே விடு என்றாள் மைனி. கண்ணாடியை இறக்கிவிட்டு, ஹாரனில் கையை வைத்துக்கொண்டு ஓட்டினேன். சாமி, அம்மா, இயேசுவே என்று யார் பெயரெல்லாம் வாயில் வந்ததோ அதையெல்லாம் சொன்னேன். மைனி பின் சீட்டிலிருந்து அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தாள்.

மார்த்தாண்டம் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தபோது மூச்சு கொஞ்சம் வழி விட்டது. இழுத்து இழுத்து விட்டார். களியக்காவிளை நெரிசலில் நின்றபோது, திரும்பாமல், முன்னால் நின்ற லாரியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஏட்டி."

"சொல்லுங்க."

"துண்ட நீ எறிஞ்சேன்னு எவங்கிட்டயும் சொல்லாத. நானே எழும்பிப் போனேன்னு சொல்லு."

"சொல்லுகேன்" என்றாள் மைனி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குனிந்து சம்மதமா என்று கேட்டார். அண்ணன் தலையை ஆட்டினார். அது சம்மதமா, மூச்சுக்குத் தவித்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. டாக்டருக்கு அது போதும்.

குரல்வளையை எடுத்தார்கள், உயிர் பிழைத்தார். இப்போது வீட்டில்தான் இருக்கிறார். கழுத்தில் ஒரு ஓட்டை, அதன் வழியாக மூச்சு. பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. காது நன்றாகக் கேட்கும் மனுஷனிடம் எல்லாரும் செவிடனிடம் பேசுவது மாதிரி உரக்கப் பேசுகிறார்கள். எப்படி அண்ணன் சம்மதித்தார் என்று கேட்கிறார்கள். மைனி ஒவ்வொருவரிடமும் சலிக்காமல் சொல்கிறாள்: அன்றைக்கு மத்தியானம் தானாகவே எழும்பினார், வண்டியை எடுக்கச் சொன்னார், தானே நடந்து போய் ஏறினார். ஐயர் ஸ்தோத்திரம் என்றார். தாணு கை தட்டாத குறை. அண்ணன் எல்லாருக்கும் தலையை ஆட்டுகிறார்.

அவர்கள் போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். மைனி சுடுதண்ணீரும் பஞ்சுமாக வந்து ஓட்டையைச் சுத்தம் செய்வாள். கழுத்தைக் காட்டுவார். முகத்தைக் காட்ட மாட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

நேற்று பஞ்சைக் கொட்ட வெளியே வந்தவள் என்னைக் கண்டு மதில் பக்கம் நின்றாள். கொஞ்ச நாள் போனால் சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

"அன்னைக்கு என்னைய ஏச வாயத் தொறந்தாருல்லா ரஷ்மி, அந்த ஏச்சு மிச்சம் கெடக்கு" என்றாள் மைனி. "அத ஏசித் தீத்துட்டாருன்னா எனக்க மொகத்தப் பாப்பாரு. ஏசக்கூடக் கொரல் இல்லாம ஆக்கிப்போட்டேனே."