மூன்று ஃபேன் வைத்த கார்டு

கல்யாணமான பத்தொன்பது வருடத்தில் என் மனைவி என்னிடம் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதையும் வாங்கித் தாருங்கள் என்று கேட்கவில்லை. "இத மட்டும் நானே பாத்து வாங்கிக்கிறேங்க" என்றாள். நான் பெரிய மனசு பண்ணி, "வாங்கிக்கோயேன், யாரு வேணாங்கறா" என்றேன். சொன்ன வாய் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

அவள் கேட்டது கிராஃபிக்ஸ் கார்டு. அவளுடைய தம்பி கனடாவுக்குப் போகும்போது தன் கேமிங் கம்ப்யூட்டரை பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். மகள் மைசூரில் ஹாஸ்டலில் சேர்ந்த பிறகு, மூலையில் சும்மா கிடந்த அந்தக் கறுப்புப் பெட்டியை இவள் முதலில் துடைத்தாள். அடுத்த நாள் ஆன் செய்தாள். அதற்கடுத்த நாளிலிருந்து எனக்கு மாலைப் பலகாரம் கிடைக்கவில்லை. பள்ளியில் கணக்கு டீச்சர் அவள். ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்து, டீ போட்டு, நோட்டுகளைத் திருத்தி முடித்து, ஆறரைக்கெல்லாம் தோளில் வில்லை மாட்டிக்கொண்டு குதிரை ஏறிவிடுவாள். அந்த விளையாட்டில் சண்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பெண் குதிரையில் ஊர் ஊராகப் போகிறாள், யாரிடமும் கேட்காமல் போகிறாள், அவ்வளவுதான்.

பழைய கார்டில் அதைப் பார்க்கவே பாவமாக இருக்கும். குதிரை முன்னால் ஓடிவிடும், காடு பின்னால் மெதுவாக வந்து சேரும். மரம் முதலில் பச்சைக் கட்டியாகத் தெரிந்து, சற்று நேரம் கழித்துத்தான் இலை விடும். திரையில் படத்தை வரைந்து தருவது அந்தக் கார்டின் வேலை, அதற்கு வயசாகிவிட்டது என்று அவள் விளக்கினாள். என்னிடம் கேட்பதற்கு முன்பே மூன்று மாதம் வீடியோ பார்த்தாள். ஒரு நோட்டில் சிவப்புக் கோடு போட்டு மார்ஜின் விட்டு என்னென்னவோ எழுதினாள். பச்சைக் கம்பெனி, சிவப்புக் கம்பெனி என்று தன் தம்பியோடு போனில் பேசுவாள். எனக்கு ஒன்றும் புரியாது. புரியாத பேச்சு என் வீட்டிலேயே நடந்தால் எனக்குக் கொஞ்சம் கடுப்பாக இருக்கும்.

நான் ஏசி மெக்கானிக். "பெங்களூருக்கு எதுக்குப்பா ஏசி" என்று ஊரே சிரித்த காலத்தில் தொழிலுக்கு வந்தவன். இப்போது ஏப்ரல் மாதத்தில் எனக்குச் சோறு தின்ன நேரம் கிடையாது. மெஷின் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்பது என் எண்ணம். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி எல்லாம் நான் பார்த்து வாங்கியவை. சோபாவும் நான்தான். அவள் ஓட்டும் ஸ்கூட்டரும், அதன் கலரும் நான்தான். அவளுடைய மூக்குக்கண்ணாடி ஃப்ரேமைக்கூட நான்தான் எடுத்தேன். ஒவ்வொரு முறையும் "உங்க இஷ்டம்" என்பாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். சில சமயம் சந்தோஷம் என்றுகூட எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை, கம்ப்யூட்டர் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டுக்குக் கிளம்பினோம். "நான் சும்மா டிரைவராத்தான் வரேன், வாயே திறக்கமாட்டேன்" என்று சொன்னேன். அவள் சிரித்தாள். நோட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, ரிச்மண்ட் சர்க்கிள் சிக்னலில், ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். அவ்வளவு உற்சாகமாக இருந்தாள். அதை இப்போது எழுதும்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

கடை ஓர் ஆள் நுழைகிற அகலம். கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள். கல்லாவுக்குப் பக்கத்தில் தடித்த மீசை வைத்த என் வயசுக்காரர் ஒருவர், "பன்னி சார், கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் வரவேற்று, உட்காரச் சொல்லி, ஸ்டூலை இழுத்து எனக்குப் போட்டார். அவளுக்குப் போடவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் நோட்டைத் திறந்து கேட்டாள். "எட்டு ஜிபி மெமரி வேணும். நீளம் இருபத்தெட்டு சென்டிமீட்டருக்கு மேல போகக் கூடாது. எங்க பவர் சப்ளை சின்னது, அதுக்குத் தாங்கணும்."

மீசைக்காரர் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "சார், பையனுக்கா?"

"இல்ல, இவங்களுக்குத்தான்" என்றேன்.

"ஓ, சூப்பர் சார்" என்று என்னைப் பாராட்டிவிட்டு, பதிலையும் எனக்கே சொன்னார். நாங்கள் தமிழ் பேசுவதைப் பார்த்து அவரும் தமிழுக்கு வந்துவிட்டார். "இந்த ரேஞ்சுல ரெண்டு ஃபேன் மாடல் இருக்கு சார். ஆனா உங்களுக்குன்னா இத நோடி, இத பாருங்க." மேல் தட்டிலிருந்து பெரிய பெட்டி ஒன்றை இறக்கி, திறந்து, இரண்டு கையாலும் தூக்கி மேஜையில் வைத்தார்.

அதில் மூன்று ஃபேன் இருந்தது.

என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஃபேனைப் பார்த்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. கையில் எடுத்தேன், நல்ல கனம். பின்னால் திருப்பினேன். காப்பர் பைப் போட்டு, மேலே அலுமினியம் தகடு அடுக்கி, அசல் ஏசி காயில் போலவே பண்ணியிருந்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. "காத்து இந்தப் பக்கம் இழுத்து அந்தப் பக்கம் தள்ளுதா?" என்று கேட்டேன்.

"கரெக்டா புடிச்சிட்டீங்க சார். சார் டெக்னிகலா?"

"ஏசி லைன்ல இருபத்திரண்டு வருஷம்."

"அதான பாத்தேன்."

அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் பேசினோம் பாருங்கள், கடையே கேட்டது. சூடுதான் எந்த மெஷினுக்கும் எதிரி என்றேன். அவர் ஆமாம் என்றார். கூலிங்கில் காசு மிச்சம் பிடிக்கிறவன் பின்னால் கம்ப்ரசரில் அழுவான் என்றேன். அதற்கும் ஆமாம் என்றார். இடையில் அவள், "இதோட நீளம் எவ்வளவு?" என்று கேட்டாள். "அதெல்லாம் ஃபிட் ஆகும் சார்" என்று அவர் என்னிடம் சொன்னார். "ஆகும்மா" என்று நான் அவளிடம் சொன்னேன். இன்னொரு முறை ஏதோ சொல்ல வந்தாள். "ஒரு நிமிஷம் இரு" என்று கையைக் காட்டினேன்.

கடைசியில் நினைவு வந்து திரும்பி, "என்ன சொல்ற, எடுத்திரலாமா?" என்று கேட்டேன்.

அவள் நோட்டை மூடிப் பையில் வைத்தாள். "உங்க இஷ்டம்."

எடுத்துவிட்டோம். வரும் வழியில் ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். வேண்டாம் என்றாள். தலைவலி என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றினேன். கார்டை உள்ளே விட்டேன். நுழையவில்லை. சாய்த்து விட்டேன். ஹார்ட் டிஸ்க் மாட்டும் இரும்புக் கூண்டில் போய் இடித்தது. நான்கு விரல் நீளம் அதிகம். போதாததற்கு, கார்டுக்குக் கரண்ட் கொடுக்க இரண்டு வயர் மாட்ட வேண்டும், எங்கள் பவர் சப்ளையில் இருந்தது ஒன்று. மீசைக்காரரை மனசுக்குள் நன்றாகத் திட்டினேன். ஆனால் விட்டுக்கொடுக்க முடியுமா? என் டூல்ஸ் பையிலிருந்து தகடு வெட்டும் கத்தரியை எடுத்தேன். "இந்தக் கூண்டு என்னத்துக்கு? வெட்டி வீசிட்டா வேலை முடிஞ்சுது" என்றேன்.

அவள் எனக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் வந்து நின்றாள். "என் பெட்டிய தொடாதீங்க" என்றாள்.

சத்தம் போடவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்த்துச் சொல்வாளே, அந்தக் குரல். நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன்.

"கடையிலயே சொல்லியிருக்கலாமே" என்றேன், இருக்கிற கெத்தை விடாமல்.

"சொன்னேன். நோட்டுலயும் எழுதியிருந்தேன்." நோட்டை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

படித்தேன். முதல் பக்கத்தில் எங்கள் பெட்டியின் படம், ஸ்கேல் வைத்து வரைந்தது. எந்த இடத்தில் எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறது, கூண்டு எங்கே வருகிறது, எல்லாம் இருந்தது. அடுத்த பக்கத்தில் பவர் சப்ளைக் கணக்கு. மூன்றாம் பக்கத்தில் ஐந்து கார்டுகளை எழுதி, நான்கை அடித்து, ஒவ்வொன்றையும் ஏன் அடித்தாள் என்று காரணம் போட்டு, ஐந்தாவதைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் ஓர் ஏசி மாட்டக்கூட நான் இத்தனை அளவெடுத்ததில்லை. அந்தப் பக்கத்தின் அடியில் இப்படி எழுதியிருந்தது:

'மூணு ஃபேன் இருக்கறத எடுக்கலாம்னு சொல்வார். நுழையாது. சண்டை வராம சொல்லணும்.'

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. மனுஷி என்னை எப்படி எடை போட்டு வைத்திருக்கிறாள் என்று. பிறகு கடைசி வரியை இன்னொரு தடவை படித்தேன். ஒரு கார்டு வாங்க மூன்று மாதம் படித்தவள், என்னிடம் எப்படிச் சொல்வது என்பதற்கும் தயார் செய்துகொண்டு வந்திருக்கிறாள். அந்த ஒரு பாடத்தில் மட்டும் அவளை நான் ஃபெயில் ஆக்கிவிட்டேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போனோம், வந்தோம். கறி எடுத்தேன், சமைத்தாள். திங்கட்கிழமை காலையில், "நான் போய் மாத்திட்டு வரேன்" என்றேன். தவறு செய்தவன் திருத்த வேண்டுமல்லவா?

"வேணாம். ஸ்கூல் விட்டு நானே போறேன்."

"பெட்டி பிரிச்சாச்சு. சுலபத்துல மாத்தித் தரமாட்டான். நான் பேசினாத்தான்..."

அவள் என்னைப் பார்த்தாள். நான் மீதியை முழுங்கிவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஈஜிபுராவில் எனக்கு ஒரு சர்வீஸ். ஏணியில் நின்றபடி ஏழு முறை போன் போட்டேன். எடுக்கவில்லை. அந்த மீசைக்காரர் ஏமாற்றிவிடுவார், பழைய மாடலைத் தலையில் கட்டிவிடுவார், மாற்றவே மாட்டேன் என்று சொல்லி அழ வைத்துவிடுவார் என்று ஒவ்வொன்றாகத் தோன்றியது. அந்தப் பதற்றத்தில் கழுவின ஃபில்டரையே மறுபடி கழுவினேன். வீட்டுக்காரம்மா, "அண்ணா, அது ஏற்கெனவே கிளீனாத்தான் இருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்தால் அவள் எனக்கு முன்பே வந்திருந்தாள். மேஜையில் புதுக் கார்டு. இரண்டு ஃபேன். வெள்ளை நிறம். நான் நோட்டை மனப்பாடம் பண்ணியிருந்தேன். வட்டம் போட்டது இது இல்லை.

"வட்டம் போட்டது ஸ்டாக் இல்லையா?"

"இருந்துச்சு. உள்ள எல்லாம் அதேதான். வேற கம்பெனி பண்ணது. பக்கத்துல இது வெள்ளையா இருந்துச்சா, மனசு மாறிடுச்சு."

மூன்று மாதப் படிப்பு, ஐந்து கார்டு, காரணம், கணக்கு எல்லாம் போட்டுவிட்டு, கடைசியில் வெள்ளையாக இருக்கிறது என்று எடுத்திருக்கிறாள். வெள்ளைப் பெட்டியில் அழுக்கு எப்படிப் படியும் என்று இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவன் எவன்? அதைத் துடைத்துத்தான் பிழைக்கிறேன். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லாருக்கு" என்றேன். அது நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது.

அதன் பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். டீ ஆறிப்போகும்வரை பேசினாள். முதலில் மாற்ற முடியாது என்றாராம் மீசைக்காரர். நீளம் கேட்டபோது அளக்காமல் ஃபிட் ஆகும் என்று யார் சொன்னது என்று கேட்டாளாம். அளவு டேப்பை எடுக்கச் சொல்லி, அவர் கையாலேயே அளக்க வைத்தாளாம். பக்கத்துக் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தாராம். கடைசியில் ஸ்டூல் போட்டு, மேடம், மேடம் என்று டீ வரவழைத்துக் கொடுத்தாராம். கையை ஆட்டி ஆட்டி, அவர் குரலிலேயே பேசிக் காட்டினாள். இவளுக்கு இப்படிப் பேசத் தெரியும் என்பதே எனக்கு மறந்திருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"உள்ள போனதும் மொதல்ல என்ன கேட்டாரு தெரியுமா? சார் வரலையான்னு."

"நீ என்ன சொன்ன?"

"வெளயாடப்போறது நான், எங்கிட்ட பேசுங்கன்னேன். ஒடனே எங்கிட்டயே பேச ஆரம்பிச்சிட்டாரு. அவ்ளோதாங்க. அவ்ளோ ஈஸியா இருந்துச்சு."

சொல்லிவிட்டு, ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் போனாள். நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். சனிக்கிழமை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு அதே வார்த்தையை நான் சொல்லியிருக்கலாம். 'வெளயாடப்போறது அவங்க, அவங்ககிட்ட பேசுங்க.' சோபா கடையில் சொல்லியிருக்கலாம், கண்ணாடிக் கடையில் சொல்லியிருக்கலாம். பத்தொன்பது வருடமாக எத்தனையோ கடையில் எனக்கு மட்டும் ஸ்டூல் போட்டார்கள். ஒரு தடவைகூட நான் எழுந்து நின்றதில்லை.