கொக்கோவுக்காக நடந்த அடிதடி

எனக்குக் கோபம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது. எங்க அண்ணனுக்கும் அப்படித்தான். அப்பா விட்டுட்டுப் போனதுல ரெண்டு பேருக்கும் சரிபாதியா வந்தது அது ஒண்ணுதான்னு சொந்தக்காரங்க கேலி பண்ணுவாங்க. தோப்பு அவன் பேருலதான் இருந்தது.

தலத்தெருவைத் தாண்டினா எங்க தோப்பு. தென்னைக்கு ஊடால கொக்கோ மரம். கம்பெனி ஆளு ஒருத்தரு கன்னு கொடுத்து நட வச்சாரு. காய்ச்சதும் காய வச்ச கொட்டையை அவரே வந்து அள்ளிட்டுப் போவாரு. அது எங்கெங்கயோ போயி சாக்லேட்டாகி, மினுமினுன்னு காகிதம் சுத்திக்கிட்டு நம்ம பெட்டிக்கடையிலயே வந்து தொங்கும். விளைஞ்சது நம்ம மண்ணுல, பேரும் லாபமும் வேற யாருக்கோ! நினைச்சாலே எனக்கு வயிறு எரியும். ஒரு கட்டத்துல அந்த ஆளும் வர்றதை நிறுத்திட்டாரு. அணிலுக்கும் எலிக்கும் எதுக்கு மரம்னு அண்ணன் வெட்டக் கிளம்பினான். நான் குறுக்க விழுந்தேன். இங்கயே சாக்லேட்டு பண்ணிக் காட்டுறேன்னேன்.

"இந்த ஒரு காய்ப்புதான் உனக்கு. ஆகலைன்னா அத்தனையும் விறகு"ன்னான். சொன்னா செய்யுற ஆளு அவன்.

கொக்கோக் காயை உடைச்சு, வெள்ளைச் சதையோட கொட்டையைப் பலகைப் பெட்டியில போட்டு வாழை இலையால மூடி வச்சா, தானா சூடேறிப் புளிக்கும். புளிச்சாத்தான் சாக்லேட்டு ருசி வரும். ஆனா அதுவரைக்கும் வர்ற வாடை இருக்கே, அப்பப்பா! கள்ளுக்கடை தோத்துடும். பெட்டி என் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மீன் விக்கிற அக்கா வீடு. அவ புருஷன் குடிச்சே செத்தவன். உசுரோட இருந்தவரைக்கும் அவளைப் போட்டு அடிக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கும்.

அன்னைக்குக் காலையில கொட்டையைப் புரட்டி விட்டுட்டு இருந்தேன். கொட்டகைக் கதவை யாரோ எட்டி ஒதைச்சாங்க. பார்த்தா அக்கா. கையில உலக்கை. பின்னால நாலஞ்சு பொம்பளைங்க.

"பொம்பளையா இருந்துக்கிட்டு சாராய ஊறல் போடுறியாடி?"

"ஐயோ, சாராயம் இல்லக்கா. சாக்லேட்டு."

"சாக்லேட்டாம் சாக்லேட்டு! யாருக்குடி பூ சுத்துறே?"

உலக்கையை ஓங்கி ஒரே போடு. பலகை பொளந்து கொட்டை பூரா சேத்துல கொட்டுச்சு. எனக்கு எங்கேருந்துதான் அந்த வெறி வந்துச்சோ, பாய்ஞ்சு அவ கொண்டையைப் பிடிச்சு இழுத்தேன். அவ என் கையைக் கடிச்சா. நான் விட்ட அறையில அவ உதடு கிழிஞ்சுது. மத்தவங்க ரெண்டு பேரையும் பிரிக்கப் பார்த்தாங்க. அந்தக் கொழகொழப்புல வழுக்கி ரெண்டு பேருமே விழுந்தோம். அவ முகம் முழுக்கக் கொக்கோச் சதை. வாய்க்குள்ள போனதைத் துப்பப் போனவ அப்படியே நின்னுட்டா.

"இனிக்குதேடி"ன்னா. அப்புறம் சேத்துலயே உக்காந்து ஓன்னு அழுதா. "இந்த வாடை வந்தாலே அவன் வாசப்படி ஏறுற மாதிரி இருக்குடி. உடம்பெல்லாம் நடுங்குதுடி."

மரமெல்லாம் போச்சேக்கான்னு நானும் கூட அழுதேன். அண்ணன் வச்ச கெடுவைச் சொன்னேன்.

அதுக்குள்ள பெட்டி உடைஞ்ச சேதி அண்ணனுக்குப் போயிடுச்சு. அருவாளோட நேரா தோப்புக்குப் போயிட்டான்னு ஒருத்தி வந்து சொன்னா. விழுந்தடிச்சு ஓடினேன். போறப்பவே ஒரு கிளை பச்சைக் காயோட கீழ கிடந்தது. அடுத்த மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன்.

"தள்ளுடி!"

"என்னை வெட்டிட்டு வெட்டு!"

முடியைப் பிடிச்சு இழுத்துத் தள்ளினான். எந்திரிச்சு வந்து மறுபடியும் பிடிச்சேன். அருவாளைத் திருப்பிப் பின்பக்கத்தால என் தோள்ல போட்டான். கூடப் பிறந்தவன்! வலியை விட அதுதான் தாங்கலை. மறுபடியும் ஓங்கினான். அப்போ அவன் மணிக்கட்டு மேல உலக்கை இறங்குச்சு. காஞ்ச மட்டை முறியுற சத்தம்.

அக்காதான். என் பின்னாலயே ஓடி வந்திருக்கா. "அடிப்பியா? இனிமே பொம்பளையை அடிப்பியாடா?"ன்னு கேட்டுக்கிட்டே நின்னா. அண்ணன் மண்ணுல சுருண்டு கிடந்தான்.

மரம் பொழைச்சுது. கைக்குக் கட்டுப் போட்டுக்கிட்டு அண்ணன் வீட்டுல கிடந்தான், தோப்புப் பக்கமே வரலை. மிச்சக் காயைத் தோப்புலயே, அக்கா வீட்டுக்கு வாடை எட்டாத இடத்துல புளிக்க வச்சேன். காய வச்சு வறுத்து, இட்லி மாவு அரைக்கிற கிரைண்டர்ல நாள் பூரா ஓட்டி சாக்லேட்டு பண்ணினேன். இப்ப இங்கேருந்து புதுச்சேரிக் கடைகளுக்குப் போகுது. காய் உடைக்க அக்கா வர்றா. அவளுக்கு என்ன கூலின்னு அவளே சொல்லுவா, நான் மறுபேச்சு பேசுறதில்லை.

போன தையில என் மகளுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில வச்சுத்தானே குத்தணும்? எங்க வீட்டுக்காரர் போயி வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிட்டுட்டு வந்தாரு. வரமாட்டான்னுதான் நினைச்சேன். வந்தான். என் முகத்தைப் பார்க்காம மணையில உக்காந்து பிள்ளையை வாங்கிக்கிட்டான். ஆசாரி ஊசியை எடுத்ததும் அவ வீல்னு கத்தித் துள்ளினா. இடது கையால இடுப்பை வளைச்சுப் பிடிச்சான். தலையைப் பிடிக்க வலது கையைக் கொண்டு போனான். விரல் மடங்கலை. பிள்ளை தலையைத் திருப்பித் திருப்பி அழுவுது. ஊரே பார்த்துக்கிட்டு நிக்குது.

"நீ வந்து பிடி, எனக்குக் கை வரலை"ன்னான் என்கிட்ட.

அவன் பக்கத்துல ஒட்டி உக்காந்து பிள்ளை தலையைப் பிடிச்சேன். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் அவன் என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை.