மாலை ரயிலுக்காகப் பழவேற்காடு போய்வந்தோம்

பழவேற்காடு போய்வந்தேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் பூநாரையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பார்த்தோம். வெகுதூரத்தில், தண்ணீருக்கு மேல் இளஞ்சிவப்பு சாக்பீஸால் யாரோ தேய்த்துவிட்ட மாதிரி ஒரு கோடு. அதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் வராமல் நின்றுபோன பிள்ளைகளைத் தேடித்தான் நாங்கள் டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை அங்கே போனோம். எழுதத்தான் இவ்வளவு தாமதம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

என் பெயர் வசந்தி. வடசென்னையில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை. கும்மிடிப்பூண்டி ரயில் பாதையை ஒட்டி எங்களோடு சேர்த்து நான்கு பள்ளிகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் மே மாதம் வந்தால் ஒருவர் தெருவில் இன்னொருவர் போய் சேர்க்கை பேனர் கட்டிக்கொண்டிருந்தோம். ஒரு வருடம் எங்கள் பள்ளியில் வேதியியலுக்கு ஆளில்லாமல் போனபோது, இன்னொரு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை பாத்திமா மேடம் தன் ஆசிரியரை வாரம் இரண்டு நாள் அனுப்பி வைத்தார். அதிலிருந்துதான் பேச்சுவார்த்தை. பிறகு ஆண்கள் பள்ளியின் துரைராஜ் சாரும், இருபாலர் பள்ளியின் மோகன் சாரும் சேர்ந்துகொண்டார்கள். இப்போது கேள்வித்தாள்களை மாற்றிக்கொள்கிறோம், ஆய்வகத்தைப் பங்கிட்டுக்கொள்கிறோம், மாதம் ஒருமுறை சமோசா தின்றபடி சேர்ந்து புலம்புகிறோம்.

நவம்பர் மாதப் புலம்பலில் பாத்திமா மேடம் சொன்னார்: "மேரினு பிளஸ் டூ பொண்ணு. பழவேற்காட்டுக்கு உள்ளாற ஒரு குப்பம். தீபாவளிக்கு அப்புறம் வரவே இல்ல." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பள்ளியில் நர்சிங் பிரிவில் படிக்கும் சங்கீதாவும் அதே குப்பம்தான், அவளும் அதே சமயத்தில்தான் நின்றிருந்தாள். துரைராஜ் சாரிடம் ஆட்டோ மெக்கானிக் படிக்கும் அதே குப்பத்து அருள் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருகிறான். மோகன் சாருடைய மாணவனும் அப்படியே. அவரவர் பிள்ளைக்குத்தான் ஏதோ பிரச்சினை என்று நான்கு பேரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்தோம். பெற்றோருக்குப் போன் செய்தால் "வருவா மேடம்" என்பார்கள், அவ்வளவுதான். அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. நேரில் போய்விடுவது என்று முடிவாயிற்று. மோகன் சாருக்கு மட்டும் அன்று ஒரு கல்யாணம்.

காலை ஏழு மணிக்குத் தண்டையார்பேட்டை நிலையத்தில் சந்தித்தோம். பொன்னேரிக்கு டிக்கெட் பத்து ரூபாய். நான் மூன்று பேருக்கும் எடுத்துவிட்டேன். பாத்திமா மேடமும் மூன்று பேருக்கும் எடுத்திருந்தார். துரைராஜ் சாரும். ஒன்பது டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று பேர் ரயிலேறினோம். அவரவர் பள்ளியில் எல்லாவற்றையும் தானே முடிவு செய்து பழகியவர்கள் சேர்ந்து பயணம் போனால் இப்படித்தான் ஆகும்.

பொன்னேரிக்குச் சுமார் ஐம்பது நிமிடம். நிலையத்திலிருந்து பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ, அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து. இருபது கிலோமீட்டருக்குள்தான், முக்கால் மணி நேரம் ஆகும். மழை முடிந்த சமயம் என்பதால் சாலையின் இரண்டு பக்கமும் வயலும் தண்ணீரும் பளபளவென்று கிடந்தன. ஜன்னலோரம் உட்காருங்கள், ஆனால் வலது பக்கமா இடது பக்கமா என்று என்னைக் கேட்காதீர்கள். அதை முடிவு செய்யவும் நாங்கள் மூன்று பேரும் விவாதித்தோம்.

பழவேற்காடு கடைத்தெருவில் வாழைப்பழம், ஆப்பிள், பிஸ்கட், கொஞ்சம் பூ வாங்கி ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டோம். யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகக்கூடாது என்பது பாத்திமா மேடத்தின் சட்டம். படகுத்துறைக்குக் கூட்டிப்போன ஷேர் ஆட்டோக்காரர் எங்கள் பட்டுச்சேலையையும் பழத்தட்டையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னா சார், பொண்ணு பாக்கவா?"

"பொண்ணுங்களத்தான் பாக்கப் போறோம்" என்றார் துரைராஜ் சார், யோசிக்காமல்.

"பொண்ணுங்களா? எத்தினி மாப்ள சார்?"

நாங்கள் விளக்கி முடிப்பதற்குள் துறை வந்துவிட்டது. விளக்கம் அவரைச் சென்று சேரவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஒன்று சொல்லிவிட வேண்டும். பழவேற்காட்டில் சுற்றுலாப் படகு சவாரிக்கு அனுமதி இல்லை. யாராவது கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். நாங்கள் ஏறியது குப்பத்து ஜனங்கள் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வர வைத்திருக்கும் படகு. ஆளுக்கு முப்பது ரூபாய், இருபது நிமிடம். துரைராஜ் சார் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நிற்பதுபோல் படகின் நடுவே நின்றார்.

"சார், நட்டுக்கினு நிக்காத. குந்து" என்றார் படகுக்காரர்.

துரைராஜ் சார் உடனே குந்தினார். அவர் பள்ளியில் இப்படி ஒரு காட்சியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நானும் பாத்திமா மேடமும் ஏரியைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டு சிரித்தோம்.

குப்பம் நெருங்க நெருங்க ஆழம் குறைந்தது. பத்துப் பதினைந்து பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் கழுத்துவரை குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் கட்டிய கூடை பக்கத்தில் மிதந்தது. அதில் ஒருத்தி நிமிர்ந்து படகைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பொசுக்கென்று தண்ணீருக்குள் போய்விட்டாள்.

"சங்கீதாதானே அது?" என்றேன்.

படகுக்காரர் மோட்டாரை நிறுத்தினார். எல்லோரும் காத்திருந்தோம். பக்கத்தில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நல்ல நுரையீரல் அவளுக்கு. எனக்குத்தான் மூச்சு முட்டியது. கடைசியில் தலை மேலே வந்தது. முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, இடுப்பளவு ஏரியில் விறைப்பாக நின்று, "குட் மார்னிங் மிஸ்" என்றாள்.

"குட் மார்னிங். உட்காரும்மா" என்று பழக்கதோஷத்தில் என் வாயிலிருந்து வந்துவிட்டது. ஏரியே சிரித்தது.

கரையில் இறங்கினால் அரைக் குப்பம் கூடியிருந்தது. ஆட்டோக்காரர் துறையிலிருந்தே போனில் சேதி சொல்லிவிட்டாராம். "மாப்ள எங்க?" என்று ஒரு பெண் எட்டிப் பார்த்தார். சங்கீதாவின் அம்மா எல்லம்மா கும்பலை விலக்கிக்கொண்டு வந்து, "மாப்ளயும் இல்ல ஒண்ணும் இல்ல. எம்பொண்ணோட டீச்சரம்மா" என்று அதட்டியதும் எல்லோருக்கும் ஏமாற்றம். ஆனால் யாரும் கலையவில்லை. மேரியின் வீட்டாரும் அருளின் அப்பாவும் வந்து சேர்ந்தார்கள்.

கவிழ்த்துப் போட்ட படகு ஒன்றின் நிழலில் பாய் விரித்தார்கள். நண்டுக் குழம்பும் சோறும் வந்தது. பாதி சாப்பாட்டில்தான் நான் கேட்டேன், ஏன் நிறுத்தினீர்கள் என்று. பணம், கல்யாணம், வீட்டு வேலை என்று ஏதாவது சொல்வார்கள், அதற்குப் பதில் சொல்லலாம் என்று மனதுக்குள் தயாராக இருந்தேன்.

எல்லம்மா சொன்னது வேறு. "காலைல நாலு பேரும் ஒண்ணாத்தான் போவாங்க. சாயங்காலந்தான் தனித்தனியா வரணும் மேடம். திங்க, புதன்ல உங்க ஸ்கூல்ல ஸ்பெஷல் கிளாஸ், ஆறு மணி வரைக்கும். செவ்வா, வியாழன்ல மேரிக்கு. அருளுக்கு எப்ப விடுவாங்கனு அவனுக்கே தெரியாது. தீபாவளிக்கு அப்பால ஒரு நாளு மழ. ரயிலு லேட்டு. பொன்னேரி பஸ் ஸ்டாண்டுல இவ ஒண்டியா நின்னுக்கினு இருந்தா. பஸ்ஸு போயிடுச்சி. இவ நைனா இங்க துறைல டார்ச்ச வெச்சிக்கினு நிக்கறாரு. போனும் போகல."

"அன்னைக்கு ஏதாவது ஆச்சாம்மா?" என்று பாத்திமா மேடம் மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணும் ஆவல. ஆவற வரைக்கும் காத்துனு இருக்கணுமா?"

கூட்டத்தில் மாதாமாதம் எவ்வளவோ பேசுகிறோம், ஆனால் ஸ்பெஷல் கிளாஸ் எத்தனை மணிக்கு முடிகிறது என்று ஒருவரையொருவர் கேட்டதே இல்லை. யார் அதிக நேரம் வைக்கிறார்கள் என்பதில் எங்களுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

சாப்பிட்ட கையோடு வேலை ஆரம்பித்தது. ஐந்து மணிக்குச் சற்றுப் பின்னால் ஒரு கும்மிடிப்பூண்டி ரயில் உண்டு. அதைப் பிடித்தால் பொன்னேரியில் பேருந்தும் கிடைக்கும், இங்கே படகும் கிடைக்கும். நான்கு பள்ளியிலும் மாலை வகுப்பை நாலரைக்கு முடித்துவிடலாம், மிச்சப் பாடத்தைச் சனிக்கிழமை காலையில் நான்கு பள்ளிக்கும் சேர்த்து ஒரே இடத்தில் நடத்தலாம் என்றார் துரைராஜ் சார். ரயிலடிக்குப் பக்கத்தில் இருப்பது பாத்திமா மேடத்தின் பள்ளி, அங்கேயே வைத்துக்கொள்ளலாம். "ரயில்ல துணைக்கு யாரு?" என்றார் அருளின் அப்பா. என் பள்ளி விலங்கியல் ஆசிரியை பொன்னேரியிலிருந்துதான் வருகிறார் என்றேன். துரைராஜ் சாரிடம் மீஞ்சூர்க்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். கணக்குப் போட்டால் அந்த ரயிலில் தினமும் யாராவது ஒரு ஆசிரியர் போய்க்கொண்டுதான் இருந்தார்.

"அப்ப ஆளுக்கொரு நாளு பாடு போட்டுக்க வேண்டியதுதான?" என்றார் எல்லம்மா. ஏரியில் எந்த இடத்தில் எந்த ஊர்க்காரர் எந்த நாளில் வலை போடுவது என்று இவர்களுக்குள் முறை வைத்திருக்கிறார்கள், அதற்குப் பெயர் பாடு. எங்கள் பட்டியலுக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

மீதி இருந்தது மோகன் சார். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர் மாணவன் தனியாகத்தான் வர வேண்டும், சனிக்கிழமை வகுப்பும் நொண்டியடிக்கும். துறைப் பக்கம் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும் என்றார்கள். எல்லோரும் அங்கே நடந்தோம். கல்யாண மண்டபத்து நாதஸ்வரத்துக்கு நடுவே மோகன் சார் கத்தினார்: "மேடம், பிளஸ் டூவுல எனக்கு நூறு பிள்ளைங்க. ஒருத்தனுக்காக அத்தனை பேர் நேரத்தையும் மாத்தச் சொல்றீங்களா?"

நியாயமான கேள்விதான். எல்லம்மா கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார். ஸ்பீக்கரில் இருந்ததால் அவரும் கேட்டிருந்தார்.

"சார், வணக்கம். சங்கீதா அம்மா பேசறேன். உங்களுக்கு நூறு பேரு இருக்காங்க. எங்க குப்பத்துல பன்னண்டாவது வரைக்கும் வந்ததே இந்த நாலு பேருதான் சார்."

மோகன் சார் மண்டபத்துக்கு வெளியே வந்திருக்க வேண்டும், நாதஸ்வரம் தூரமாகப் போயிற்று. பிறகு, "சனிக்கிழமை கிளாஸ்ல இயற்பியல் நான் எடுக்கறேன்மா. அத மட்டும் வேற யாருக்கும் குடுக்க வேணாம்னு அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார் மோகன் சார்.

சங்கீதாவின் அப்பா அதுவரை வலையில் சிக்கிய பாசியைக் கிள்ளி எறிந்துகொண்டிருந்தார். எங்களைப் படகில் ஏற்றிவிடும்போதுதான் பேசினார்: "திங்கக்கெழம அனுப்பறேன். ஒரு நாளு பிசகுனாலும் நிறுத்திடுவேன் மேடம்." அவர் மிரட்டவில்லை. ஒப்பந்தம் என்றால் இப்படித்தான் தெளிவாக இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை மாலை துணைக்குப் போகும் பாடு என் பள்ளி விலங்கியல் ஆசிரியைக்கு. நான் சும்மா பார்த்துவிட்டு வரலாமென்று ரயிலடிக்குப் போனேன். பாத்திமா மேடம் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். துரைராஜ் சார் ஓட்டமும் நடையுமாக வந்தார். மோகன் சார் டீக்கடையிலிருந்து எழுந்து வந்தார். நான்கு தலைமையாசிரியர்களை ஒரே நடைமேடையில் பார்த்த பிள்ளைகள் பயந்துபோய், ரயில் வரும்வரை புத்தகத்தைத் திறந்து படித்தார்கள். ஏழரை வாக்கில் என் போன் அடித்தது. சங்கீதாவின் அப்பா. "நாலு பேரும் வந்துட்டாங்க" என்றார், வைத்துவிட்டார். குக்கர் மூன்று விசில் அடித்தும் நான் அடுப்பை அணைக்கவில்லை என்று வீட்டில் திட்டு விழுந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். ரயில் நேரத்தை முந்தைய நாளே பார்த்துவிடுங்கள், ஒன்றை விட்டால் காத்திருப்பு நீளும். போகவர, சாப்பாடு தவிர, ஆளுக்கு இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். குடிதண்ணீரும் தொப்பியும் கட்டாயம். காரில் வருபவர்கள் மீஞ்சூர் வழியாகவும் வரலாம், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளுக்குப் பொறுமை வேண்டும். தண்ணீரில் இறால் தடவும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நண்டு வாங்கினால் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பட்டுச்சேலையும் பழத்தட்டுமாகப் போகாதீர்கள்.

தாமதத்துக்குக் காரணம், தேர்வு முடிவு தெரிந்தபின் எழுதலாம் என்று காத்திருந்ததுதான். சங்கீதா நர்சிங் டிப்ளமோவில் சேர்ந்துவிட்டாள். மேரி பி.காம். மோகன் சாருடைய மாணவன் அவர் பாடத்திலேயே நல்ல மதிப்பெண் வாங்கியதை அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அருளுக்குக் கணிதம் போய்விட்டது, துணைத்தேர்வுக்குப் படிக்கிறான், துரைராஜ் சார் விடுவதாக இல்லை.

போன வாரம் எல்லம்மா போன் செய்தார். இந்த வருடம் குப்பத்திலிருந்து பிளஸ் ஒன்னுக்கு ஏழு பேர் வருகிறார்களாம், எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்று கேட்டார். பழைய வசந்தியாக இருந்தால் என் பள்ளியின் பெயரை அவர் மூச்சு விடுவதற்குள் சொல்லியிருப்பேன்.

"புள்ளைங்க எந்தப் பிரிவு கேக்கறாங்கனு சொல்லும்மா. எந்த ஸ்கூல்ல சேர்ந்தாலும் சாயங்காலம் ஒரே ரயில்தான்" என்றேன்.