உபதேசியாரிடம் கொடுத்த பேர்

கல்யாணம் முடித்து எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடித்தனம் தொடங்கிய பிறகு வந்த முதல் வருஷப் பிறப்பு அது. கோயிலில் ஆராதனை முடிகிற நேரத்தில் உபதேசியார் பீடத்தை விட்டு இறங்கி வந்தார். "இந்த வருஷமாவது விசுவாசத்துல வளரணும்னு நெனைக்கிறவங்க பேர் குடுங்க. ஞாயித்துக்கெழம பின்னேரம் வேத வகுப்பு வைக்கப் போறேன்" என்றார். எனக்கு வாய் நீளம். கோபம் அதைவிட நீளம். ஜெபம் பண்ண உட்கார்ந்தால் பாதியிலேயே அடுப்புக்கும் லயத்து வரிசையில் பக்கத்து வீட்டுக் காம்பராவுக்கும் மனசு ஓடிவிடும். ஆண்டவர் இன்னும் எவ்வளவு காலம் என்னைப் பொறுப்பார் என்று உள்ளுக்குள் பயமாக இருந்தது. முதல் ஆளாக எழுந்து பேர் கொடுத்தேன். இனிமேல் கோபப்பட மாட்டேன், யாரையும் அதட்ட மாட்டேன் என்று பொருத்தனையும் பண்ணிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் அன்று காய்ச்சலில் படுத்திருந்ததால் கோயிலுக்கு வரவில்லை.

அந்த நாளில் தோட்டத்தில் 'பேர் குடுத்தாச்சு' என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ரெண்டு நாட்டு ஒப்பந்தப்படி கப்பலேறி இந்தியாவுக்கே திரும்பிப் போக எழுதிக் கொடுத்தாயிற்று. இரத்தோட்டைப் பக்கம் இருந்த என் அம்மாவும் அப்பாவும் கொடுத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரரோ, "எவன் வந்து சொன்னாலும் நான் நகர மாட்டேன்" என்று ஒற்றைக் காலில் நின்றார். அவரைப் பெற்றவர்களை எங்கள் தோட்டத்து மலையில்தான் அடக்கம் பண்ணியிருந்தது. லயத்துக்குப் பின்னால் அவர் வைத்த மிளகுக் கொடி அப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருந்தது. எல்லாம் தெரிந்தும் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வரும் என்று எனக்கு உறைக்கவில்லை. கோயிலில் சொன்ன சொல் கோயிலோடு போகும் என்று அவரிடம்கூடச் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் குடம் பிடிக்கும்போது பக்கத்துக் காம்பரா அக்கா சத்தமாகக் கேட்டாள். "என்ன புள்ள, நீயும் பேர் குடுத்துட்டியாமே?"

"ஆமாக்கா, மொத ஆளே நான்தான்!" என்றேன் பெருமையாக. குடத்தைத் தூக்கித் திரும்பினால் மேல் படியில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவர் பேச்சு குறைந்துபோனது. பால் இல்லாத சாயத்தண்ணியைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். விடியற்காலையில் தப்பு அடித்து ஆட்களை வேலைக்கு எழுப்பும் முன் நான் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுவேன். கண்ணைத் திறந்தால் அவர் சுவரோரம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் பக்தியாய் இருப்பது பிடிக்கவில்லையோ? வேறு யாராவது என்னைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டார்களோ? பழைய நானாக இருந்தால், "வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லித் தொலைங்களேன்" என்று ஒரு பிடி பிடித்திருப்பேன். பொருத்தனை பண்ணியிருக்கிறேனே! பொறுமையைத் தாரும் ஆண்டவரே என்று கேட்டு வாயை மூடிக்கொண்டேன். கொழுந்து பறிக்கும்போது கவனம் சிதறி, முற்றின இலையெல்லாம் கூடையில் விழுந்தது. கங்காணி ஏசினார். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அவர் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலைக்குப் போகாமல், கல்யாணத்துக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். எங்கே போகிறீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. பின்னேரம் திரும்பி வந்தவர் நேரே கொல்லைக்குப் போய் மிளகுக் கொடிக்குப் பக்கத்தில் நின்றார். பொழுது சாய்ந்த பிறகுதான் உள்ளே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குச் சேலை மாற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றபடி கேட்டார். "எப்ப கப்பலு?"

"என்ன கப்பலு?"

"ஒங்க அம்மா அப்பாவோட போகத்தான பேர் குடுத்த?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஐயோ, ஆண்டவரே! நான் பேர் குடுத்தது உபதேசியார்கிட்டங்க. வேதம் படிக்க. ஒங்கள விட்டுட்டு நான் எங்க போவேன்?"

அவர் சிரிக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான் கண்டி ஆபீசுக்குப் போயி குடுத்துட்டேன் புள்ள."

"என்னத்த?"

"பேர. நம்ம ரெண்டு பேருக்கும். நீ போயிட்டா நான் இங்க இருந்து என்ன செய்ய?"

என் பொருத்தனை அந்த இடத்திலேயே போயிற்று. "பாவி மனுசா! ஒரு வார்த்த என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

"நீ கேட்டியா?" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது. கொடுத்ததைத் திருப்பி வாங்கலாமா, யாரைப் போய்க் கேட்பது, எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. போனால் அம்மாவோடு இருப்பேன். அவர் எதோடு இருப்பார்?

என்னைத் தனியே விட மனமில்லாமல் அவரும் கோயிலுக்கு வந்து கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். உபதேசியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வாங்க, வாங்க! நீங்களும் பேர் குடுக்கிறீங்களா?" என்று பென்சிலை எடுத்தார்.

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"வேணாங்கய்யா. நான் இப்பிடியே ஒக்காந்துக்கிறேன்."